எட்டாவது திருகு

இன்றைக்கு அவள் கை வைக்கக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு வேலை.

காலையில் பஸ்ஸில் வரும்போதே இரண்டு கையையும் மடியில் வைத்து, ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கை அம்மாள் உற்றுப் பார்த்துவிட்டு, "என்னம்மா, குளிருதா?" என்றார்.

"இல்லீங்க. கையைச் சும்மா இருக்கப் பழக்கறேன்."

அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

கையைச் சும்மா வைத்திருப்பது லேசான வேலை என்று நினைப்பவர்கள் அவள் இருக்கிற கூண்டுக்குள் வந்து பார்க்க வேண்டும். நாலு சுவரிலும் கூரையிலும் தரையிலும் உலோகத் தகடு அடித்த அறை. கதவு விளிம்பைச் சுற்றிச் செம்பு விரல்கள் சீப்புப் பல்லைப்போல வரிசையாக நிற்கும். கதவைத் தோளால் தள்ளிச் சாத்தினால் அவை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். வெளியே அலைகிற ரேடியோ அலை எதுவும் உள்ளே நுழையாது. கால் வைத்ததுமே போனில் சிக்னல் செத்துவிடும். தொழிற்சாலைக் காகிதங்களில் அதற்குக் கௌரவமான பெயர் ஒன்று உண்டு. வேலை செய்கிறவர்கள் கூண்டு என்பார்கள். ஜன்னல் கிடையாது. மழை பெய்ததும் வெயில் அடித்ததும் உள்ளே வருகிறவரின் சட்டையைப் பார்த்துத்தான் தெரியும்.

படிக்கும்போது இப்படி ஓர் அறையில் உட்காரப்போகிறோம் என்று அவள் நினைக்கவில்லை. அவள் டிசைன் இன்ஜினியர். வரைந்து கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போக வேண்டியவள். தான் வரைந்த பெட்டிக்குத் தானே திருகு திருப்பிக்கொண்டு இரண்டாவது வருஷமாக உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பெட்டி பார்ப்பதற்குச் சாப்பாட்டு டப்பா மாதிரி இருக்கும். அலுமினியக் கட்டியைக் குடைந்து எட்டு அறைகள். மேலே மூடி. மூடியில் அறைக்கு ஒன்றாக எட்டுத் திருகுகள். செல்போன் டவர் உச்சியில் தொங்கி, சிக்னலை அனுப்பவும் வாங்கவும் செய்கிற டிரான்ஸீவருக்கு ஒரே ஆண்டெனாதான். அதிலேயே கத்தும், அதிலேயே காது கொடுத்துக் கேட்கும், இரண்டையும் ஒரே நேரத்தில். தான் போடுகிற கூச்சல் தன் காதிலேயே விழுந்தால், எங்கோ மூலையில் முனகுகிற ஒரு போனின் சத்தம் எப்படிக் கேட்கும்? வாய்க்கும் காதுக்கும் நடுவே ஒரு சுவர் வேண்டும். அந்தச் சுவர்தான் இந்த டப்பா. ஃபில்டர் என்பார்கள்.

அவளுக்கும் அதுவே பெயராகிவிட்டது. "ஃபில்டர் மேடம் வந்தாச்சா?" என்று வாசல் காவலாளிகூடக் கேட்பான்.

வேறு ஊரில் அதே கம்பெனியின் டிரான்ஸீவர் டிசைன் பிரிவில் ஒரு நாற்காலி அவளுக்காகக் காலியாக இருந்தது. முழு டிரான்ஸீவரையும் வடிவமைக்கிற வேலை, டப்பாவை மட்டுமல்ல. அவள் வீட்டுக்காரர் அந்த ஊரில்தான் கணக்கு வாத்தியார். மகளும் அவரோடு அங்கேதான் படிக்கிறாள். இவள் இங்கே ஒற்றை அறையில் ஒரு கட்டிலும் ஒரு அடுப்புமாகக் கிடந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறுவாள், ஞாயிறு இருட்டுகிறபோது திரும்பிவிடுவாள். போன தடவை போனபோது மகள் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டி, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். பிள்ளை நன்றாகத்தான் கற்றுக்கொண்டிருந்தது.

அந்த நாற்காலி வருகிற திங்கள் வரைக்கும்தான் காலியாக இருக்கும். அந்தப் பிரிவின் தலைவர் நேரடியாகவே சொல்லிவிட்டார்: "உங்க மேனேஜர் விட்டா வாங்க. விடலைன்னா சொல்லுங்க, இன்னொருத்தர் காத்துக்கிட்டிருக்கார். நானும் எத்தனை நாள்தான் துண்டு போட்டு வச்சிருக்கிறது?"

மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பாள். அவர் ஒவ்வொரு தடவையும் உண்மையான வருத்தத்தோடுதான் சொல்வார்: "இந்த லாட் போகட்டும் மேடம். நீங்க இல்லாம ஒரு பெட்டிகூட பாஸ் ஆகலையே. நான் என்ன பண்ண?"

பாஸ் ஆகவில்லைதான். அதற்குக் காரணமும் அவளேதான்.

பெட்டியை மாட்டிச் சோதிக்கிற அனலைசரின் திரையில் ஒரு கோடு ஓடும். எட்டு அறைக்கும் எட்டுப் பள்ளம். பள்ளங்களுக்கு நடுவே மேடு. எந்த மேடும் அங்கே குறுக்கே போட்டிருக்கிற சிவப்புக் கோட்டுக்கு மேல் தலை நீட்டக் கூடாது. வாங்குகிற கம்பெனி முதலில் கேட்டது ரொம்பச் சாதாரணமான அளவு. சிவப்புக் கோடு உயரத்தில் இருந்தது, யார் வேண்டுமானாலும் அதற்குக் கீழே மேட்டை அடக்கியிருக்கலாம். ஆனால் முதல் பெட்டி அவள் கைக்கு வந்தபோது அவளுக்கு ஒரு வெறி வந்துவிட்டது. இவ்வளவு தூரம் இறங்குகிறதே, இன்னும் இறக்கினால் என்ன? ஒரு வாரம் கூண்டைவிட்டு வெளியே வராமல் திருகினாள். மேடுகள் எட்டாத பாதாளத்துக்குப் போயின. பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். மேனேஜர் அந்தத் திரையைப் போட்டோ எடுத்தார். மறுமாதம் விளம்பரப் புத்தகத்தில் அந்த எண் அச்சாகிவிட்டது. அதை நம்பி ஆர்டர் வந்தது. சிவப்புக் கோடு, அவள் தன் நல்ல நாளில் தொட்ட இடத்துக்கே கீழே இறங்கிவந்து நின்றுகொண்டது.

இதை அவள் முன்னமே தெரிந்துவைத்திருக்க வேண்டும். அவள் அப்பா லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர். ஒரு நாள் புது மேஸ்திரி முன்னால் தோளுக்கொன்றாக இரண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பலகைமேல் ஓடிக் காட்டினார். கைதட்டினார்கள். அடுத்த நாளிலிருந்து எல்லாருக்கும் இரண்டு மூட்டை என்றாகிவிட்டது. கூட வேலை செய்தவர்கள் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் வீட்டு வாசலுக்கே வந்து, "உன் கைக்குப் புத்தி இருக்காய்யா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சின்னப் பெண்ணாகக் கதவிடுக்கில் நின்று அதைக் கேட்டவள்தான் அவள். அப்பாவை முட்டாள் என்று நினைத்தாள்.

கடைசியில் மேனேஜரோடு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தாள். வாங்குகிற கம்பெனியின் ஆள் வெள்ளிக்கிழமை சோதனை பார்க்க வருகிறார். அவர் கண்ணெதிரே வேறொருவர் ஒரு பெட்டியை டியூன் பண்ணி பாஸ் வாங்கிக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் அன்றைக்கே அவளை விடுவித்துவிடுவதாக மேனேஜர் வாக்குக் கொடுத்தார். "நீங்க கை வைக்காம பாஸ் ஆகணும் மேடம். அப்பதானே எனக்குத் தைரியம் வரும்?"

அந்த வேறொருவர் ஈயம். ஐம்பதைத் தாண்டியவர். இருபது வருஷமாகச் சர்க்யூட்டில் ஈயம் உருக்கி ஒட்டியதால் அந்தப் பெயர். வாய்க்குப் பூட்டில்லாத மனிதர். கை பதமானது.

ஒன்றரை மாதமாக அவருக்குப் பழக்கிக்கொண்டிருந்தாள். கஷ்டம் என்னவென்றால், எட்டுத் திருகும் தனித்தனி இல்லை. ஒன்றைத் தொட்டால் மற்ற ஏழும் அசையும்.

"கூட்டுக் குடும்பம் மேடம் இது," என்றார் ஈயம் முதல் வாரத்தில். "மூத்த மருமகளைச் சமாதானம் பண்ணினா கடைக்குட்டி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குது."

அதைவிடப் பெரிய கஷ்டம் நட். திருகைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, அது அசையாமல் இருக்க நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது நட் திருகை ஒரு மயிரளவு மேலே இழுத்துவிடும். அந்த மயிரளவில் மேடு தலை நீட்டிவிடும். அதனால் நட் இழுக்கப்போகிற தூரத்தை முன்கூட்டியே நினைத்து, திருகைக் கொஞ்சம் தப்பாகவே ஆழத்தில் விட வேண்டும். எவ்வளவு தப்பாக? அதைச் சொல்லத்தான் அவளுக்குத் தெரியவில்லை.

"எவ்வளவுன்னு சொல்லுங்களேன். கால் சுத்தா? அரைக்கால் சுத்தா?"

"ஒவ்வொரு பெட்டிக்கும் மாறும்ண்ணே. நட் கடிக்கிறப்போ ஸ்பேனர்ல ஒரு கனம் தெரியும். அதை வச்சுத்தான்."

"கனம்! நல்லா இருக்கு. நாளைக்கு என் பொண்டாட்டி குழம்புக்கு உப்பு எவ்வளவுன்னு கேட்டா நானும் இப்படியே சொல்றேன்."

ஆனாலும் கற்றுக்கொண்டார். முதலில் நாள் முழுக்க ஒரு பெட்டி. அப்புறம் அரை நாளில். அவளுக்கு அரைமணி போதும். அவருக்கு இரண்டு மணி ஆகும். ஆனால் பாஸ் ஆகும். போன வாரத்தில் எடுத்த பெட்டி எல்லாமே பாஸ். அவள் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, உள்ளங்கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு பார்த்தாள். ஈயம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "முட்டை அடைகாக்குறீங்களா மேடம்?"

இன்றைக்கு, அந்த வெள்ளிக்கிழமை, கூண்டுக்குள் நாலு பேர் நின்றதில் மூச்சு முட்டியது. சோதனை பார்க்க வந்தவர் ஒல்லியாக, கழுத்தில் அட்டையோடு, ஒரு தடவைகூடச் சிரிக்காமல் இருந்தார். மேனேஜர் கதவோரம் நின்றார். குவியலிலிருந்து ஒரு பெட்டியை வந்தவரே கை போட்டு எடுத்துக் கொடுத்தார். அது சரியான முறைதான். நல்ல பெட்டியாகப் பொறுக்கிவைத்து ஏமாற்ற முடியாது.

"யார் பண்ணப்போறது?"

"இவர்தான்," என்றார் மேனேஜர்.

ஈயம் கையைப் பேண்டில் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். கேபிளை மாட்டினார். அவள் பின்னால் நின்றாள். வழக்கமான ஸ்டூலை வந்தவருக்குக் கொடுத்துவிட்டதால் உட்கார இடமில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

முதல் நாலு திருகும் சாதுவாக வந்தன. ஐந்தாவது கொஞ்சம் முரண்டு பிடித்தது. ஈயம் பதறாமல் மூன்றாவதுக்குத் திரும்பிப் போய், அதைத் தளர்த்தி, மறுபடி ஐந்தாவதுக்கு வந்தார். சரியான யோசனை. அவளாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். ஆறு. ஏழு. கழுத்தோரம் அவருக்கு வேர்த்தது. குளிரூட்டி இருந்தும் கூண்டுக்குள் காற்று கனத்துக் கிடந்தது.

வந்தவர் மணி பார்த்தார். "இவ்வளவு நேரம் ஆகுமா எப்பவும்?"

"நிதானமா பண்றார் சார்," என்றார் மேனேஜர்.

எட்டாவது திருகு. ஈயம் அதை ஆழத்தில் விட்டார், தேவையான அளவு தப்பாக. நட்டை இறுக்கினார். மேடு இறங்கி, சிவப்புக் கோட்டைத் தொடப்போய், ஒரு நூல் மேலேயே நின்றுவிட்டது. தளர்த்தினார். மறுபடி. இந்தத் தடவை அந்தப் பக்கத்து மேடு எகிறியது. ஈயம் ஸ்பேனரை மேஜையில் வைத்துவிட்டு விரலைச் சொடுக்கினார். மறுபடி எடுத்தார்.

அவளுக்கு அந்த நட்டின் கனம் உள்ளங்கையில் தெரிந்தது. இன்னும் ஓர் இம்மி ஆழம். அவ்வளவுதான். ஈயம் அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தார். மெதுவாக, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போகிறவரைப்போல, ஆனால் கதவு இருக்கிற திசையில்தான். பேசாமல் இருந்தால் போதும். வேறெங்காவது பார்த்தால் போதும். அவள் கூரை விளக்கைப் பார்த்தாள். திரும்பத் திரையைப் பார்த்தாள். அந்த மேடு கோட்டுக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு, வெட்கமே இல்லாமல் நின்றது. தான் வரைந்த பெட்டி. அந்நிய ஆளின் முன்னால் அப்படி நிற்கிறது.

வந்தவர் பேனாவை மூடினார். "வேணும்னா இன்னொரு நாள்..."

அவள் கை போய்விட்டது.

ஈயத்தின் தோளுக்கு மேலாகக் குனிந்து, அவர் விரலுக்கு அடியிலிருந்து ஸ்பேனரை வாங்கி, இடக் கையால் திருகை இம்மி இறக்கி, வலக் கையால் நட்டை இறுக்கினாள். மேடு சுருண்டு கீழே போனது. எல்லா மேடும் கோட்டுக்கு அடியில் வரிசையாக நின்றன. திரையின் ஓரத்தில் பச்சை எழுத்து வந்தது.

ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. அந்தச் சின்ன நேரத்துக்கு அவளுக்கு நெஞ்செல்லாம் குளிர்ந்துவிட்டது. அப்புறம்தான் தன் கையில் ஸ்பேனர் இருப்பதைப் பார்த்தாள்.

ஈயம் நாற்காலியிலிருந்து நிமிரவில்லை. திரையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்: "நான் வந்துகிட்டுத்தான் இருந்தேன்."

"தெரியும்ண்ணே."

"தெரிஞ்சுமா?"

வந்தவர் எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். அன்று முதல் தடவையாகச் சிரித்தார். "அடேங்கப்பா. யாருங்க இவங்க?"

"இவங்கதான் டிசைனே பண்ணினவங்க," என்றார் மேனேஜர்.

"அப்படிச் சொல்லுங்க. பின்ன எதுக்கு இவரை உட்கார வச்சு என் நேரத்தை வீணாக்கினீங்க?" வந்தவர் பேனாவைத் திறந்தார். "எங்க பெட்டி எல்லாத்துக்கும் இவங்கதான் கை வைக்கணும். ஒப்பந்தத்துலயே போட்டுடறேன். டவர் மேல ஏத்தின பிறகு கோளாறுன்னா, ஏறி இறக்க எங்களால ஆகாது."

"அவங்களுக்கு வேற ஊருக்கு மாற்றல்..." மேனேஜர் இழுத்தார். இழுக்கத்தான் செய்தார், அதை மறுக்க முடியாது.

"எங்க ஆர்டர் முடிஞ்ச பிறகு போகட்டும். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம். ஓடியா போகுது ஊரு?"

ஈயம் எழுந்தார். அவளைப் பார்க்கவில்லை. "டீ குடிச்சிட்டு வர்றேன்," என்று யாருக்கோ சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போனார்.

வந்தவரைச் சாப்பிட அனுப்பிவிட்டு மேனேஜர் அவளைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மேடம், நான் உங்களைப் பிடிச்சு வச்சிருக்கேன்னு எல்லாரும் பேசறாங்க. எனக்குக் காது இருக்கு. இன்னிக்கு ரிலீவ் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டு, மேஜை மேலயே வச்சிட்டுத்தான் வந்தேன். ஈயம் முடிச்சிருந்தா உங்க கையில கொடுத்திருப்பேன். இல்ல, அவரால ஆகாமப் போயி அந்த ஆள் இன்னொரு நாள் வர்றேன்னு போயிருந்தாக்கூட, வேற வழி பார்ப்போம்னு உட்கார்ந்து பேசியிருக்கலாம். நீங்களே போய்க் கை வச்சுட்டீங்க. இப்ப நான் யாருகிட்ட என்ன சொல்ல?"

"கிழிச்சுப் போட்டுடுங்க சார்," என்றாள்.

"கிழிக்கலை. இருக்கட்டும்," என்றார் அவர். அதுதான் அவளுக்கு இன்னும் கசந்தது.

சுவரோரம் போய் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். பள்ளிக்கூடத்தில் இடைவேளை போலிருக்கிறது, பின்னால் பிள்ளைகள் கத்தினார்கள். அவர் எடுத்ததும், "என்ன ஆச்சு? வீட்டு ஓனர்கிட்ட நம்ம மூணு பேருக்கும் மேல் மாடியைப் பேசி வச்சிருக்கேன், இன்னிக்குச் சொல்லணும்," என்றார்.

"பாஸ் ஆயிடுச்சுங்க."

"ஆ! அப்ப?"

"நான்தான் கை வச்சேன்."

அவர் எங்கோ ஒதுங்கிப் போகிறார் என்று தெரிந்தது, பிள்ளைகளின் சத்தம் தேய்ந்தது.

"ஏன்?"

"கோட்டுக்கு மேல நின்னுச்சுங்க. ஒரு நூல்தான்."

"நிக்கட்டுமே."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். நின்னா நிக்கட்டுமே. யாரு செத்துப்போவா?"

"தெரியலைங்க. கை போயிடுச்சு."

அவர் கோபக்காரர் இல்லை. ஒரு கணக்கு எந்த அடியில் தப்பாயிற்று என்று தேடி முடித்தவரைப்போலக் கேட்டார்: "டிரான்ஸீவர் பிரிவுக்கு நீயே சொல்லிடறியா?"

"சொல்லிடறேன்."

"மாடியை வேண்டாம்னுடறேன். நாளைக்கு வருவேல்ல?"

"வருவேன்."

"சரி. மணி அடிச்சிட்டாங்க," என்று வைத்துவிட்டார்.

அடுத்துப் போன் போட்டபோது அந்தப் பிரிவின் தலைவரும் சீக்கிரம் வைத்துவிட்டார். வருத்தம்தான் என்றார். காத்துக்கொண்டிருந்தவர் பக்கத்திலேயே இருந்திருப்பாரோ என்னவோ, பின்னால் யாரோ சிரித்தார்கள்.

ஓரமாக டீ தம்ளரோடு ஈயம் நின்றிருந்தார். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"கோவமாண்ணே?"

"கோவப்பட்டு என்ன பண்ண? ஒன்றரை மாசம் உங்க கையைக் கட்டத்தான் நான் வேலை கத்துக்கிட்டேன்னு நெனச்சேன். கட்டினது என் கையைத்தான்னு இப்பதான் தெரியுது." தம்ளரைக் கவிழ்த்து மிச்சத்தைத் தரையில் ஊற்றினார். "இனிமே என்னை அந்த நாற்காலியில உட்காரச் சொல்லாதீங்க தாயே. மூடி போட்டுத் தரேன், ஸ்டிக்கர் ஒட்டித் தரேன். திருகு மட்டும் வேண்டாம்."

"நான் பண்ணினது தப்புண்ணே."

"தப்புதான். சொன்னா சரியாயிடுமா?" என்றார் அவர். குரலில் சூடு இல்லை. "ஒரு விஷயம் சொல்றேன் கேளுங்க. அந்த மேடு கோட்டைத் தொட்டப்போ உங்க மூச்சு என் கழுத்துல பட்டுச்சு. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, கை வரப்போவுதுன்னு. அதுலதான் எனக்கும் கை நடுங்குச்சு."

உள்ளேயிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார். வந்தவர் சாப்பிட்டு முடித்துவிட்டாராம். சாம்பிளுக்கு இன்னொரு பெட்டி பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாராம்.

மூவரும் கூண்டுக்குள் போனார்கள். ஈயம் புதுப் பெட்டிக்கு மூடி மாட்டி, கேபிள் செருகி, நாற்காலியை அவள் பக்கமாகத் தள்ளிவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டார். வந்தவர் இந்தத் தடவை ஸ்டூலை அவளுக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுக்கொண்டார், வேடிக்கை பார்ப்பதற்கு வசதியாக.

அவள் உட்கார்ந்தாள். அந்தப் பெட்டி காலையில் பண்ணியதைவிடச் சீக்கிரமாகவே முடிந்தது.